புனலூர் வழியில் நிறுத்தும் இடங்கள்

ஜூலை 10, வியாழன் (ஆனி 26)

காலையில் சாரல். ஒன்பதுக்கு மேல் வெயில். பழைய அருவிக்கு இரண்டு டிரிப். சாத்தூரிலிருந்து வந்த பார்ட்டி, ஒரே ஆட்டம். ஈரத் துண்டோடு சீட்டில் உட்காராதீர்கள் என்று கும்பிடாத குறையாகச் சொன்னேன். யார் கேட்டார்கள். சீட்டைக் கழற்றிக் காயப் போட்டிருக்கிறேன்.

வாங்க வேண்டியது: வைப்பர் ரப்பர், கற்பூரம், ராஜத்துக்கு மூட்டுத் தைலம்.

மதியம் புனலூரிலிருந்து சம்பந்தியம்மா போன். ராஜம் ஸ்பீக்கரில் போட்டாள். நானும் கேட்க வேண்டுமாம்.

"புதன்கிழமை பத்தே முக்காலுக்கு மேல பன்னெண்டுக்குள்ள வீடேறணும் மதினி. பன்னெண்டுக்கு ராகுகாலம் வந்துரும். மறுநாள் ஆடி. தப்பிச்சுன்னா பெறவு ஆவணிலதான் பாக்கணும். பெறகு என்னையக் குத்தம் சொல்லப்பிடாது."

"தப்பாது மதினி. இவ்வோளே வண்டியில கொண்டாந்து விட்டுருவாவ."

இவ்வோள் என்பது நான். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பெரியவள் கோமதி அடுக்களையில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. புருஷன் வீட்டிலிருந்து அவள் வந்து எட்டு மாதம்.

ஜூலை 11, வெள்ளி

மேகம். மழை இல்லை. டிரிப் இல்லை.

யாரிடமும் சொல்ல முடியாததை இங்கே ஒருதரம் எழுதி வைக்கிறேன்.

மாப்பிள்ளை அடிக்கவில்லை. குடிக்கவில்லை. புனலூரில் பாத்திரக்கடை, நல்ல வியாபாரம். காலையில் கடைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவார். மதியம் சாப்பிட வரும்போது திறப்பார். சாப்பிட்டதும் மறுபடி பூட்டு. கோமதியின் போனும் அவரோடு கடைக்குப் போய்விடும். ஒன்றரை வருஷம் இப்படி. ஒருநாள் காஸ் டியூபில் கசிவு. ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறாள். ஆற்றங்கரைத் தனி வீடு; சம்பந்தியம்மா இருப்பது ஊருக்குள், மூத்த மகனோடு. கத்தினாலும் ஆற்றுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. அடுத்த ஞாயிறு கோவிலுக்குக் கூட்டிப்போன இடத்தில் செருப்பைக்கூட எடுக்காமல் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

வந்தவர்கள் எல்லோரும் கேட்டது இதுதான்.

"அடிச்சாரா?"

"இல்ல."

"குடிப்பாரா?"

"இல்ல."

"பெறவென்னட்டி?"

இந்தப் பெறவென்னவுக்கு அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ராஜம் தானாகவே ஒரு பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். "ஆத்தங்கரை, தனி வீடு. பயந்துதான் பூட்டுதாரு. பொண்டாட்டி மேல பிரியம் இல்லாதவனா பூட்டுவான்?"

உள்ளே ஆள் இருந்தால் நான் பெட்ரோல் பங்கில்கூட வண்டியைப் பூட்டாமல் இறங்குகிறவன். அதை ராஜத்திடம் சொன்னேன். முறைத்தாள்.

சாயங்காலம் புளியங்குடியிலிருந்து ஆள் வந்தார்கள். சின்னவள் பிரியாவைப் பார்த்துப் போன இடம். எலுமிச்சை மண்டிக்காரர்கள், தாராளமான மனுஷர்கள். ஒரு சாக்கு எலுமிச்சை இறக்கினார்கள். அவர்கள் வீட்டில் ஊறுகாய் போடாத நாளே இருக்காது போல. காபி குடித்துவிட்டுப் பையனின் பெரியப்பா நயமாகச் சொன்னார்.

"ஆவணி முதல் முகூர்த்தத்துல பேசி முடிச்சிருவோம் அண்ணாச்சி. அன்னைக்குப் பெரிய பிள்ள அவ வீட்டுல இருந்து மாப்ளையோட வந்து நின்னா பாக்கறதுக்கும் நல்லாருக்கும். நாங்க ஒண்ணும் சொல்லல. நாலு பேரு கேப்பாவல்லா."

பிரியா உள்ளே போய்விட்டாள். கோமதிதான் டம்ளரை எடுத்தாள்.

சாக்கிலிருந்து ஒரு பழத்தை எடுத்து ராஜம் சாமி அலமாரியில் வைத்தாள். புதன்கிழமை கோட்டைவாசல் கருப்பசாமி கோவிலில் டயருக்கு அடியில் வைக்க.

ஜூலை 12, சனி

நல்ல சாரல். ஐந்தருவியில் கூட்டம் நெரிகிறது. நான்கு டிரிப். கழுத்து வலி.

நடுவில் சும்மா நின்றபோது கணக்குப் போட்டேன். எட்டு மணிக்குக் கிளம்பினால், லாரிகளோடு மல்லுக்கட்டி, பத்தேகாலுக்குப் புனலூர். பன்னிரண்டு வரை ஒன்றே முக்கால் மணி நேரம் கையில் இருக்கிறது.

அப்புறம்தான் அது தோன்றியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

நிறுத்தும் இடங்கள்:

1. புளியரை. வயலும் பின்னால் மலையும். டீ. (20 நிமிஷம்)

2. எஸ் வளைவுக்கு மேலே. செங்கோட்டை முழுக்கக் கீழே தெரியும். வண்டி நிறுத்தச் சிரமம், எனக்கு ஒரு இடம் தெரியும். (15)

3. கோட்டைவாசல், கருப்பசாமி. எலுமிச்சை. (15)

4. பாலருவி. சீசன், சனம் அலைமோதும். டிக்கெட்டுக்கு வரிசை, உள்ளே போக வனத்துறைக்காரர்கள் வண்டி, திரும்பி வர அவர்கள் வண்டி. (ஒன்றரை மணி, கூடினாலும் கூடும்)

5. பதிமூன்று கண் பாலம். படியேறி மேலே போனால் காற்று. ரயில் வந்தால் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். (30)

கூட்டினால் 2 மணி 50 நிமிஷம். வீட்டு வாசலில் நிற்கும்போது மணி ஒன்று தாண்டிவிடும். ராகுகாலம். மறுநாள் ஆடி. ஒரு மாதம்.

இருபத்தெட்டு வருஷம் பார்ட்டிகளுக்கு நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தவன் நான். நாலு அருவியை ஒரே பகலில் காட்டி ரயிலுக்கும் கொண்டுவிட்டிருக்கிறேன். முதல் தடவையாக நேரத்தைத் தின்ன வழி பார்க்கிறேன்.

பிரியா விஷயம்? தெரியவில்லை. அதை யோசித்தால் முழுசும் கலைந்துவிடும். யோசிக்கவில்லை.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லை. லேட் ஆக்க மட்டும் தெரிகிறது. நல்ல அப்பன்.

ஜூலை 13, ஞாயிறு

விடியும் முன்னே பிடித்த மழை. மெயினருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர், குளிக்கத் தடை. மேலகரம் ரோட்டில் இரண்டு பக்கமும் பார்ட்டி வண்டிகள் நின்றுவிட்டன. லாட்ஜ் வாசலில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் சும்மா உட்கார்ந்து பீடி பிடித்தார்கள்.

பத்து மணிக்கு டிரைவர்கள் குரூப்பில் செய்தி: எஸ் வளைவில் மரம் சாய்ந்து இரண்டு பக்கமும் வண்டி நிற்கிறது. போட்டோவும் போட்டிருந்தார்கள். பெரிய மரம். வேரோடு.

சந்தோஷப்பட்டேன். மலையில் மாட்டிக்கொண்டவன் பாடு எனக்குத் தெரியாதா, இருந்தும் சந்தோஷப்பட்டேன். இன்னும் நாலு மரம் விழட்டும், மண் சரியட்டும், பாலம் போகட்டும் என்று வேண்டினேன். டீக்கடையில் நின்று இரண்டாவது டீ குடித்தேன்.

பன்னிரண்டரைக்கு அடுத்த போட்டோ. அறுத்துப் போட்டுவிட்டார்கள். "ரோடு கிளியர்." கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள்.

மதியம் வெயில் வந்துவிட்டது.

ஜூலை 14, திங்கள்

வெயில். காற்று.

வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். "பிரேக் கொஞ்சம் உள்ள போற மாரி இருக்கு, நல்லாப் பாருடே" என்றேன். அப்படி ஒன்றும் இல்லை. ஏதாவது சொல்லி நாலு நாள் போட்டு வைப்பான் என்று ஒரு நப்பாசை.

ஒரு மணி நேரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அண்ணாச்சி, உங்க வண்டியில குத்தம் கண்டுபிடிச்சா நான் கடைய மூடிருதேன். புது வண்டி தோத்துச்சு. என்ன, வயசாகுதுல்லா, உங்க காலுக்குத்தான் சந்தேகம்."

பதினொரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன். ஆயிலைத் தள்ளிப்போட்டது இல்லை. எந்த நேரத்தில் இவ்வளவு ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தோன்றியதோ.

நானே ஒரு டியூபைத் தளர்த்தி விடலாம். குனிந்தும் பார்த்தேன். கை போகவில்லை. மகளுக்காகப் போகாத கை என்று நினைத்தபோது அழுகை வந்தது. மெக்கானிக் பார்த்துவிடுவானே என்று டயரைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டில் சொன்னேன், வண்டி சரியில்லாத மாதிரி இருக்கிறது என்று. ராஜம் அசரவில்லை.

"சரியில்லேன்னா சொல்லுங்க. மாப்ள கார் அனுப்புதேன்னு சொல்லியிருக்காரு."

அது வேறு. அவர் காரில் அவளை ஏற்றிவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டு நிற்கவா. வண்டி சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

ஆக, அந்த ஐந்து இடம்தான்.

ஜூலை 15, செவ்வாய்

மூட்டம். டிரிப் வந்தது, எடுக்கவில்லை.

கோமதி பெட்டி அடுக்கினாள். அரை மணி நேர வேலை. வந்தபோது கையில் ஒன்றும் இல்லை, இங்கே எடுத்த நாலு சேலைதான். ராஜம் முறுக்கு சுட்டாள். அதிரசமும். பிரியா அக்காவோடு பேசுவதில்லை இரண்டு நாளாக. குற்ற உணர்ச்சியா கோபமா தெரியவில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறாள். இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒன்றுமில்லைதான்.

மதியம் நான் கண் அசந்த நேரம் கோமதி வண்டியைக் கழுவியிருக்கிறாள். மிதியடி வரை தேய்த்து, டேஷ்போர்டைத் துடைத்து, உள்ளே இருந்த காகிதங்களை அடுக்கி. இந்த டைரியும் அங்கேதான் கிடக்கும்.

"நீ ஏம்மா இதெல்லாம் செய்யுத?"

"சும்மா இருக்கதுக்கு. எத்தன மணிக்குப்பா கெளம்புதோம்?"

"எட்டு."

"ஏழரைக்கே போலாமே."

"எதுக்கு? மெதுவாப் போவோம். அருவியெல்லாம் பாத்துட்டு. நீ பாலருவி பாத்து எவ்வளவு வருசம் ஆச்சு."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

எடுத்து வைக்க: எலுமிச்சை, கற்பூரம், தண்ணீர், குடை, அவளுக்கு வாந்திக்கு மாத்திரை.

ஜூலை 16, புதன் (ஆனி 32)

எழுத முடிகிற வரை எழுதுகிறேன்.

காலையில் சாரல்கூட இல்லை. மலை கழுவிவிட்ட மாதிரி தெளிவு. இப்படி ஒரு நாள் பார்ட்டிக்குக் கிடைத்தால் கொண்டாடியிருப்பேன்.

ராஜம் வாசலில் அழுதாள். வரவில்லை, மூட்டு வலி. கோமதி முன் சீட்டில் ஏறினாள். சின்ன வயதில் அவள் உட்காரும் இடம். எட்டு மணி ஐந்து நிமிஷம்.

செங்கோட்டை தாண்டினோம். புளியரையில் டீக்கடை தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தேன். இண்டிகேட்டர் போட்டேன்.

"எங்கனயும் நிப்பாட்ட வேண்டாம்ப்பா."

"ஒரு டீ குடிச்சிட்டு..."

"வேண்டாம். போங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போடவில்லை. இண்டிகேட்டரை அணைத்தேன்.

எஸ் வளைவு. அறுத்துப் போட்ட மரம் ஓரத்தில் கிடந்தது. கீழே செங்கோட்டை, வயல், குளம் எல்லாம் வெயிலில். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேரே ரோட்டைப் பார்த்தாள்.

கோட்டைவாசல். இருபத்தெட்டு வருஷத்தில் கருப்பசாமியைத் தாண்டி நிற்காமல் போனது கிடையாது. பார்ட்டி அவசரம் என்று கத்தினாலும் ஒரு நிமிஷம் இறங்குவேன். எலுமிச்சை டேஷ்போர்டில் இருந்தது. அவளைப் பார்த்தேன். தலையை ஆட்டினாள். ஹார்ன்கூட அடிக்காமல் தாண்டினேன். அந்த வளைவுகளில் ஸ்டியரிங் என் கையில் இருந்ததாகவே தெரியவில்லை.

பாலருவி திருப்பம். வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஒன்றரை மணி நேரம் அங்கே சும்மா கிடந்தது, எடுத்துக்கொள்ள ஆள் இல்லாமல். தாண்டிப் போனோம்.

பதிமூன்று கண் பாலத்தின் மேல் ரயில் போய்க்கொண்டிருந்தது. வேறு எந்த நாளில் கேட்டாலும் அமையாது.

பத்து ஐந்துக்கு அவர்கள் வீட்டு வாசல்.

இதற்கென்று வந்திருந்த சம்பந்தியம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "பத்தே முக்கால்தான் நேரம். அதுவர எறங்க வேண்டாம், வண்டியிலயே இருங்க." ஜன்னலை மூடிக்கொண்டார்கள்.

நாற்பது நிமிஷம். லேட் ஆக்க நினைத்தவனுக்குக் கிடைத்தது இது. எஞ்சினை அணைத்தேன். முன்னால் ஆறு. அந்தப் பக்கம் தொங்குபாலம். பாலத்தில் சனம் நின்று போட்டோ எடுத்தது. ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கி ஆற்றைக் காட்டினாள்.

பத்து நிமிஷம் கழித்து கோமதி பேசினாள். பாலத்தைப் பார்த்துக்கொண்டே.

"டைரிய வாசிச்சேன்ப்பா."

டேஷ்போர்டில் எலுமிச்சையை நகர்த்தி வைத்தேன்.

"லேட்டாக்கி என்ன செய்ய? ஆடி பூரா நம்ம வீட்டுல உக்காந்து நாள் எண்ணணும். ஆவணில இதே வண்டியில மறுபடி வரணும். பிரியாவுக்கும் கெட்டுப் போவும். அதுக்கு இது தேவல."

"கோமு..."

"நீங்க போவாதன்னு சொல்லுவியன்னுதான் எட்டு மாசம் பாத்தேன். நெசமாத்தான் பாத்தேன். காலைல நீங்க பல்லு தேய்ச்சிட்டு வரும்போதெல்லாம் இன்னைக்குச் சொல்லிருவாவன்னு நெனைப்பேன். நீங்க என்னடான்னா அருவி அருவியா எழுதி வச்சிருக்கிய."

இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அப்போதும் சொல்லியிருக்கலாம். சாவி வண்டியில்தான் இருந்தது. ஒரு திருப்பு திருப்பி ரிவர்ஸ் எடுத்தால் போதும். ரிவர்ஸ் எடுக்க இடமும் இருந்தது, வந்ததும் பார்த்து வைத்தேன். பிரியா முகம் வந்தது. புளியங்குடிக்காரர் முகம் வந்தது. ராஜம். நாலு பேர். நாலு பேர் யார் என்று ஒருத்தன் கேட்டால் பேர் சொல்ல எனக்குத் தெரியாது.

மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

பத்தே முக்காலுக்கு ஆரத்தி வந்தது. மாப்பிள்ளை கடையிலிருந்து வந்து நின்றார். "வாங்க மாமா" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். பெட்டியை அவரே வாங்கிக்கொண்டார். சாம்பார், அவியல், பாயசம். சாப்பிட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன், சாப்பிட்டேன்.

கிளம்பும்போது கதவைப் பார்த்தேன். தேக்குக் கதவு, பச்சைப் பெயிண்ட். வெளிப்பக்கம் கொண்டி. பூட்டு அதில் திறந்தபடி தொங்கியது. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார், துரு இல்லை. மாப்பிள்ளையும் பொருளை ஒழுங்காக வைத்துக்கொள்கிற ஆள்தான்.

திரும்பும்போது ஐந்து இடத்திலும் நிறுத்தினேன். தனியாக. பாலத்துப் படியில் ஏறினேன். பாலருவியில் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து, உள்ளே போய், அருவியைப் பார்த்துவிட்டு வந்தேன். குளிக்கவில்லை. எதற்கென்று கேட்டால் தெரியாது.

கோட்டைவாசலில் டீக்கடைச் சேட்டன் கேட்டார்.

"எந்தா அண்ணாச்சி, காலைலே நிக்காம போயல்லோ? ஹார்ன் கூட இல்லா. சவாரி அவசரமோ?"

"ஆமா."

"யாரு?"

"பார்ட்டிதான்" என்றேன்.

எலுமிச்சையை டயருக்கு அடியில் வைத்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கிளட்சை விட முடியவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்து, எட்டிப் பார்த்துத் திட்டியபிறகுதான் நகர்ந்தேன். நசுங்கிய சத்தம் கேட்டது.

ஜூலை 17, வியாழன் (ஆடி 1)

சாரல்.

காலை ஏழுக்குக் கோமதிக்குப் போன் செய்தேன். அடித்து ஓய்ந்தது. ஒன்பதுக்கு ஸ்விட்ச் ஆஃப். பத்துக்கும் அதேதான். மாப்பிள்ளை இந்நேரம் கடை திறந்திருப்பார்.

ராஜம் புளியங்குடிக்குப் பேசி, பெரியவள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னாள். அவர்களுக்கு ரொம்ப சந்தோஷமாம். பிரியா காலையிலிருந்து சாப்பிடவில்லை.

டைரியை இனி டேஷ்போர்டில் வைக்கக் கூடாது என்று எடுத்து வந்தேன். பிறகு அங்கேயே திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். எடுத்து வாசிக்கிறவள் இனி எங்கே வரப்போகிறாள்.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். மதுரைப் பார்ட்டி. ஞாயிற்றுக்கிழமை, ஏழு பேர், மலை ரோட்டில் ஒருநாள் டிரிப்.

"சும்மா ஓட்டிட்டுப் போயிடாதீங்க அண்ணே. வழியில பாக்கற மாதிரி எங்கெங்க நிப்பாட்டுவீங்க?"

ஐந்து இடமும் சொன்னேன். மனப்பாடமாக இருந்தது. "சூப்பர்" என்றார். தென்மலையோடு திரும்பிவிடலாமா என்று கேட்டார்.

இன்னும் கொஞ்ச தூரம்தான், புனலூர் வரை போய்வரலாம், அதற்குத் தனியாகக் காசு ஒன்றும் வேண்டாம் என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்றார்.

ஞாயிறு. காலை 6 மணி. டீசல், வைப்பர் ரப்பர் (இன்னும் வாங்கவில்லை), எலுமிச்சை.

6. புனலூர் தொங்குபாலம். பார்ட்டி போட்டோ எடுக்கட்டும். (எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.) பாலத்து நடுவில் நின்றால் அக்கரையில் பச்சைக் கதவு தெரியும்.